வார்ப்புருவும் காதுல பேர் சொல்ற சடங்கும்

வலைப்பதிவு எழுத வந்த புதுசுல நான் முதல்ல கத்துக்கிட்ட தமிழ்ச் சொல் எதுன்னு கேட்டா, 'வார்ப்புரு'ன்னுதான் சொல்வேன். நீங்களும் அதே கேஸாத்தான் இருப்பீங்க. ராத்திரி ஒரு மணிக்கு வார்ப்புருவை மாத்துறேன்னு கைய வச்சு, பக்கப்பட்டை காணாமப் போயி, ஹிட் கவுண்டர் காணாமப் போயி, விடியற வரைக்கும் உக்காந்து சரி பண்ணாத பதிவர் உண்டா?

இன்னைக்கு சொல்லப் போறது அந்த வார்ப்புரு இல்ல. ஒரு முழு கம்ப்யூட்டரையே வார்த்தெடுக்கிற அச்சு. பொட்டி தட்டுற மக்களுக்கு இது பழகின சமாச்சாரம். மத்தவங்களுக்காக ரெண்டு வரி: ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள பத்து இருபது கற்பனைக் கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். இதுக்கு மெய்நிகர் கணினின்னு பேரு, ஆபீஸ்ல 'விஎம்'. ஒவ்வொண்ணோட ஹார்டு டிஸ்கும் நிஜத்துல ஒரு கோப்புதான். கோப்புன்னா நகல் எடுக்கலாம் இல்லையா? ஒரு மெஷினை நல்லாத் தயார் பண்ணி அச்சா வச்சுக்கிட்டா, தேவைப்படும்போது கொழுக்கட்டை மாதிரி எடுத்துக்கிட்டே இருக்கலாம்.

கொழுக்கட்டைக்குப் பேர் வைக்கத் தேவையில்ல. கம்ப்யூட்டருக்குத் தேவை. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்ததால நான் ஒரு பையனை எல்லார் முன்னாடியும் திட்டித் தீர்த்தேன். அதை முதல்ல சொல்லிடறேன்.

2018. எந்த ஆபீஸ், எந்த ஊருங்கிறதெல்லாம் வேண்டாம். உபுண்டு 18.04 அப்பதான் வந்திருந்தது. நானே பார்த்துப் பார்த்து ஒரு வார்ப்புரு செஞ்சேன். அதிலிருந்து ஒரு நகல் எடுத்து, வாடிக்கையாளருக்குக் காட்டுறதுக்கான டெமோ மெஷின் ஆக்கினோம். மூணு வாரமா ரெண்டு பேர் உக்காந்து அதுல தகவல் ஏத்தினாங்க. டெமோவுக்கு முந்தின நாள் இன்னொரு நகல் எடுத்து, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசமே ஆன ஒரு தம்பிகிட்ட குடுத்து, "இது டெஸ்ட் மெஷின், அட்ரஸ் அதோட திரையிலயே இருக்கும், பார்த்து உள்ள போய் டேட்டாபேஸைத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்து"ன்னேன்.

மத்தியானம் உள்ள போனான், பாதி வேலை முடிச்சான். டீ குடிச்சுட்டு வந்து அதே அட்ரஸ்ல மறுபடி உள்ள போய் டேட்டாபேஸைத் துடைச்சான். துடைச்சது டெமோ மெஷினை.

"அண்ணே, சத்தியமா நான் டெஸ்ட் மெஷின்லதான் பண்ணேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கேக்கல. "அட்ரஸைப் பார்த்து அடிக்கக்கூடத் தெரியாதா?"ன்னு கத்தினது அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். ஒன்பது நாள் பழைய காப்பு ஒண்ணு இருந்தது. அதை ஏத்திட்டு, மிச்ச ஒன்பது நாள் தகவலை ராத்திரி முழுக்க எல்லாருமா தட்டச்சு பண்ணோம். அவனும்தான். யார்கிட்டயும் பேசாம.

ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சது. ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி முகவரி. ஒருத்தரும் தப்பாக் குடுக்கல, தானா அப்படி அமைஞ்சிருக்கு. ஏன்னு சொல்லணும்னா அம்பது வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

மெய்நிகர் கணினி ஏதோ மேகக் கணிமையோட வந்த புதுச் சரக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லீங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல ஐபிஎம்மோட ஆய்வு மையம் ஒண்ணு இருந்தது. அங்க ராபர்ட் கிரீசி தலைமையில செஞ்ச சிபி-40ங்கிற அமைப்பு 1967 ஜனவரியிலயே வேலைக்கு வந்துடுச்சு. அதோட வாரிசு சிபி-67. அதுக்கும் வாரிசா 1972 ஆகஸ்ட் 2ம் தேதி ஐபிஎம் அறிவிச்சது விஎம்/370. ஒரு மெயின்பிரேம், அதுல உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனக்கே தனக்குன்னு ஒரு முழு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி ஒரு தோற்றம்.

அந்த ஏற்பாட்டை இப்பப் படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீரல. மையத்துல 'டைரக்டரி'ன்னு ஒரு பதிவேடு. அதுல ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பத்தி: பேர் என்ன, கடவுச்சொல் என்ன, எவ்வளவு நினைவகம், எந்தெந்த டிஸ்க். உள்ள வந்ததும் பயனர் 'ஐபிஎல் சிஎம்எஸ்'னு அடிப்பார் (கிரிக்கெட் இல்லீங்கோ.. இயங்குதளத்தை ஏத்துற கட்டளை அது). முன்னாடியே தயார் நிலையில சேமிச்சு வச்ச சிஎம்எஸ் நகல் உடனே ஏறிடும். அப்புறம் அவரோட சொந்த டிஸ்க்ல 'புரொபைல் எக்செக்'னு ஒரு கோப்பு இருந்தா, அதுல எழுதியிருக்கிற கட்டளைகள் தானா ஓடி, மெஷினை அவர் விருப்பத்துக்கு அமைச்சுடும்.

கவனிச்சீங்களா? அச்சு தனியா இருக்கு. நீ யாருங்கிறது தனியா, பதிவேட்டுல இருக்கு. முதல்ல செய்ய வேண்டிய அமைப்பு வேலை மூணாவதா ஒரு கோப்புல இருக்கு. மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்கல. நாம இன்னைக்குப் பெருசாப் பேசிக்கிற விஷயத்தோட எலும்புக்கூடு 1972லயே ரெடி!

அப்புறம் என்ன ஆச்சு? பிசி வந்துச்சு. மேசைக்கு ஒண்ணு வந்ததும் பதிவேடு போச்சு. நீ யாருங்கிற தகவல் அந்தந்தப் பொட்டியோட வயித்துக்குள்ளயே போய் உக்காந்துக்கிச்சு. இயங்குதளம், மென்பொருள், பேர், சாவி எல்லாம் ஒரே டிஸ்க்ல கூட்டாஞ்சோறு.

1990கள்ல நியூசிலாந்துலேர்ந்து 'கோஸ்ட்'னு ஒரு நிரல் வந்துச்சு. முர்ரே ஹசார்ட்னு ஒருத்தர் எழுதினது. 1998ல சைமன்டெக் அதை வாங்கிடுச்சு. ஒரு டிஸ்கை அப்படியே உருவி இன்னொரு டிஸ்க்ல ஊத்தும். 2000களோட தொடக்கத்துல பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல பழியாக் கிடந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வைரஸ் வந்து பொட்டி படுத்துடுச்சுன்னா அண்ணாச்சி ஒரு சிடியைப் போடுவார். நீலத்திரையில ஒரு பட்டை நகரும். பத்து நிமிஷத்துல பழையபடி ஓடும். அதுதான் கோஸ்ட். அந்த சிடி ஒரு வார்ப்புரு.

ஆனா விண்டோஸ் என்டி மெஷின் ஒவ்வொண்ணுக்குள்ளயும் 'எஸ்ஐடி'ன்னு ஒரு அடையாள எண் இருக்கும், நிறுவும்போது உருவாகுறது. உருவி ஊத்தினா முப்பது பொட்டிக்கும் அதே எண். இதுக்காக மைக்ரோசாப்ட் 'சிஸ்பிரெப்'னு ஒரு கருவி குடுத்துச்சு. வார்ப்புருவா எடுக்கிறதுக்கு முன்னாடி அதை ஓட்டினா, மெஷின் தன் பேரையும் எண்ணையும் மறந்துடும். அடுத்த தடவை உயிர் வரும்போது புதுசாக் கேட்டுத் தெரிஞ்சுக்கும். ஞாபகசக்தியை வளர்க்க எத்தனையோ நிரல் உண்டு. மறக்க வைக்கவே எழுதின நிரல் இது.

இதுல ஒரு தனிக்கதை உண்டு. எஸ்ஐடியை மட்டும் மாத்த 'நியூஎஸ்ஐடி'ன்னு ஒரு இலவசக் கருவியை மார்க் ரஸினோவிச்சோட சிஸ்இன்டர்னல்ஸ் தளம் குடுத்துட்டு இருந்தது. 2009 நவம்பர்ல அவரே, ரெண்டு மெஷினுக்கு ஒரே எஸ்ஐடி இருந்தா ஆபத்துங்கிறது வெறும் கட்டுக்கதைன்னு எழுதி, கருவியை நிறுத்திட்டார். ஆனாலும் சிஸ்பிரெப் ஓட்டாத நகலுக்கு ஆதரவு இல்லைங்கிறதுதான் மைக்ரோசாப்டோட நிலை. அதை யார் கேட்டா? சும்மா உருவி உருவி ஊத்தினவங்க ஏராளம். 2025 ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து வந்த விண்டோஸ் 11, சர்வர் 2025 புதுப்பிப்புகள்ல எஸ்ஐடியைக் கண்டிப்பாச் சோதிக்க ஆரம்பிச்சாங்க. ஒரே எண் வச்சிருந்த மெஷின்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைய முடியாம நின்னுச்சு. பதினாறு வருஷம் தூங்கின தப்பு, ஒரு நாள் காலையில எழுந்து கதவைத் தட்டுச்சு.

சரி, விஎம் பக்கம் வருவோம். 1999ல விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் சாதாரண பிசியிலயே மெய்நிகர் கணினியை ஓட்டிக் காட்டுச்சு. 2003ல வந்த அவங்களோட விர்ச்சுவல்சென்டர்ல வார்ப்புருங்கிறது மெனுவுலயே வந்துடுச்சு. நகல் எடுக்கிறது கோஸ்ட் சிடியைவிடச் சுலபம். பிரச்சினையும் அதே அளவுக்குச் சுலபமா நகல் ஆச்சு. அந்தக் கால லினக்ஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு இது ஞாபகம் வரும்: நகல் எடுத்த மெஷினை எழுப்பினா நெட்வொர்க் வேலை செய்யாது. என்னடான்னா, அச்சுல இருந்த பழைய நெட்வொர்க் அட்டையோட எண்ணை ஒரு கோப்புல எழுதி வச்சிருக்கும். புது மெஷினோட அட்டை எண் வேற. அதனால 'ஈத்0' செத்துப்போச்சு, இது 'ஈத்1'னு அதுவா முடிவு பண்ணிக்கும். அந்த ஒரு கோப்பை அழிக்க மறந்து நான் தொலைச்ச ஞாயித்துக்கிழமைகளை எண்ணினா ஒரு மாச லீவு தேறும்.

அப்புறம் 2006 ஆகஸ்ட். அமேசான் ஈசி2 சேவையைச் சோதனை முறையில திறந்துச்சு. மணிக்கு 10 சென்ட் குடுத்தா ஒரு மெய்நிகர் கணினி வாடகைக்கு. வார்ப்புருவுக்கு அவங்க வச்ச பேர் 'ஏஎம்ஐ'. இங்கதான் பழைய உத்தி வேலை செய்யாமப் போச்சு. இருபது நகல்னா கையால பேர் மாத்தலாம். ஆயிரக்கணக்கான பேர், உலகத்தோட எந்த மூலையிலேர்ந்தோ, ஒரே ஏஎம்ஐயிலேர்ந்து மணிக்கு மணி மெஷின் எழுப்பும்போது யார் உக்காந்து மாத்துறது?

அவங்க செஞ்ச ஏற்பாடு ரொம்ப எளிமையானது. 169.254.169.254னு ஒரு முகவரி. மெஷின் உள்ளேயிருந்து அந்த முகவரியைக் கேட்டா, "நீ இன்னார், உன் எண் இது, உன் சாவி இது"ன்னு பதில் வரும். கூடவே, மெஷினை எழுப்புறவர் தன் பங்குக்கு 16 கேபி வரைக்கும் எதை வேணும்னாலும் எழுதி அனுப்பலாம். அதுக்கு 'யூசர் டேட்டா'ன்னு பேரு.

நம்ம வீட்டுல குழந்தைக்குப் பேர் வைக்கும்போது பெரியவங்க காதுல மூணு தடவை பேரைச் சொல்வாங்களே, அதேதான்! பொறந்ததும் "நான் யாரு?"ன்னு கேட்குற மெஷினுக்கு, வெளியிலேர்ந்து ஒருத்தர் காதுல சொல்றார். 1972ல இருந்த பதிவேடு, முப்பத்திநாலு வருஷம் கழிச்சு வேற உருவத்துல திரும்பி வந்துச்சு.

ஆனா காதுல சொன்னதைக் கேட்டு நடக்க உள்ளே ஒரு ஆள் வேணுமே? எரிக் ஹேமண்ட்ங்கிறவர் ஈசி2வுக்குன்னு உபுண்டு வார்ப்புருக்கள் செஞ்சு இலவசமாக் குடுத்துட்டு இருந்தார். யூசர் டேட்டாவோட முதல் ரெண்டு எழுத்து '#!'ன்னு இருந்தா அதை நிரலா நினைச்சு ஓட்டிடுன்னு 2009 வாக்குல அதுக்குள்ள ஒரு வழி வச்சார். அவ்வளவுதான் தந்திரம். அடுத்து உபுண்டுவை நடத்துற கனோனிக்கல் இந்த வேலையைக் கையில எடுத்துச்சு. முதல்ல 'ஈசி2-இனிட்'னு இருந்தது, ஸ்காட் மோசர் போன்றவங்க கைவண்ணத்துல 'கிளவுட்-இனிட்' ஆகி, 2010 ஏப்ரல்ல உபுண்டு 10.04ஓட வந்துச்சு. அப்புறம் மத்த லினக்ஸ்களும் மத்த மேகங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க.

இதுக்கு நிரல் எழுதத் தெரியணும்னுகூட இல்ல. மளிகைச் சீட்டு மாதிரி ஒரு பட்டியல் எழுதினாப் போதும்: மெஷின் பேர் இது, இந்தப் பயனர் வேணும், அவரோட சாவி இது, இந்த மென்பொருளெல்லாம் இறக்கு, கடைசியா இந்தக் கட்டளையை ஓட்டு. சொந்த மேசையில செஞ்சு பார்க்கிறவங்களுக்கு அமேசானும் தேவையில்ல. ரெண்டு சின்னக் கோப்பை ஒரு குட்டி சிடி பிம்பத்துல போட்டு, அதுக்கு 'சிடேட்டா'ன்னு பேர் வச்சு மெஷின்ல சொருகினாப் போதும், எடுத்துக்கும்.

அதைவிட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. "நான் பொறந்தது இப்பத்தானா, இல்ல தூங்கி எழுந்திருக்கேனா?"ன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? நகலுக்குள்ள அச்சோட பழைய ஞாபகமெல்லாம் இருக்குமே? கிளவுட்-இனிட் தனக்கு வெளியிலேர்ந்து சொல்லப்பட்ட இன்ஸ்டன்ஸ் எண்ணை எழுதி வச்சுக்கும். ஒவ்வொரு தடவை எழும்போதும் பழைய எண்ணையும் இப்பச் சொல்ற எண்ணையும் ஒத்துப் பார்க்கும். ஒண்ணா இருந்தா, "சரி, சும்மா தூங்கி எழுந்தேன்." வேற வேறன்னா, "நான் புது ஆள்"னு முடிவு பண்ணி, பழைய எஸ்எஸ்ஹெச் சாவிகளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா உருவாக்கி, பேரை மாத்தி, எல்லாச் சடங்கையும் முதல்லேர்ந்து நடத்தும்.

இப்ப என் கதைக்கு வர்றேன். என் வார்ப்புருவுல நான் பண்ணின தப்பு மூணு.

ஒண்ணு, மெஷின் ஐடி. லினக்ஸ்ல சிஸ்டம்டி ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு அடையாள எண்ணை ஒரு கோப்புல எழுதி வைக்கும். உபுண்டு 18.04 சர்வர்ல ஐபி முகவரி கேட்கும்போது, நெட்வொர்க் அட்டையோட எண்ணுக்குப் பதிலா இந்த எண்ணிலேர்ந்து செஞ்ச அடையாளத்தைத்தான் காட்டும். என் நகல் ரெண்டும் ஒரே அடையாளத்தைக் காட்டுச்சு. முகவரி குடுக்கிற சர்வர், "அட, முந்தி வந்தவர்தானே"ன்னு அதே முகவரியைத் தூக்கிக் குடுத்துடுச்சு. அட்டை எண் வேறயா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அந்தக் கோப்பைக் காலி பண்ணி வச்சிருந்தா, முதல் தடவை எழும்போது தானே புது எண் போட்டிருக்கும்.

ரெண்டு, எஸ்எஸ்ஹெச் சாவி. மத்தியானம் பேசின மெஷினும் டீக்கு அப்புறம் பேசின மெஷினும் வேற வேறன்னா, "எச்சரிக்கை! எதிர்ல இருக்கிற ஆள் மாறிட்டார்"னு எஸ்எஸ்ஹெச் கத்தியிருக்கணும். அதுக்காகத்தான் அந்தச் சாவியே இருக்கு. ஆனா ரெண்டு மெஷின்லயும் ஒரே சாவி. அதனால அது வாயே திறக்கல.

மூணு, மெஷின் பேர். ரெண்டுக்கும் வார்ப்புருவோட பேர்தான். திரையில தெரிஞ்ச பேரைப் பார்த்துக்கூட அவனால கண்டுபிடிச்சிருக்க முடியாது.

வயித்தெரிச்சல் என்னன்னா, கிளவுட்-இனிட் என் வார்ப்புருவுக்குள்ளயே இருந்தது. உபுண்டு சர்வரோட தானா வந்தது. காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்திருக்கு. நான்தான் ஒண்ணும் சொல்லல.

என் நஷ்டம் ஒன்பது நாள் தட்டச்சோட போச்சு. எல்லாருக்கும் அப்படிப் போகல. பொதுவில பகிரப்பட்ட ஏஎம்ஐக்கள் 5,000க்கும் மேல ஒரு ஐரோப்பிய ஆய்வுக் குழு துருவிப் பார்த்து, 2012ல கட்டுரை வெளியிட்டுச்சு. வார்ப்புரு செஞ்சவங்க மறந்து விட்டுப்போன கடவுச்சொல், சாவி, அழிச்சுட்டோம்னு நினைச்ச கோப்பு எல்லாம் உள்ள கிடந்துச்சு. மறக்க வைக்காத அச்சு, செஞ்சவரோட ரகசியத்தையும் சேர்த்து வார்த்துடும்.

காதுல சொல்ற சடங்குலயும் ஒரு ஓட்டை உண்டு. குழந்தைக்குச் சொல்றதை மடியில இருக்கிற வேற யாரும் கேட்டுடலாம். 2019ல அமெரிக்காவோட கேப்பிடல் ஒன் வங்கியில நடந்தது அதுதான். வெளியாள் ஒருத்தர், தப்பா அமைச்சிருந்த ஒரு ஃபயர்வாலை ஏமாத்தி, அந்த 169.254.169.254 முகவரியைத் தனக்காகக் கேட்க வச்சு, மெஷினுக்குன்னு சொல்லப்பட்ட தற்காலிகச் சாவியை வாங்கிட்டார். அமெரிக்காவுல சுமார் 10 கோடி பேர், கனடாவுல சுமார் 60 லட்சம் பேரோட தகவல் போச்சு. அதே வருஷம் நவம்பர்ல அமேசான் அந்த முகவரிக்கு இன்னொரு பூட்டைப் போட்டுச்சு: முதல்ல ஒரு டோக்கன் வாங்கு, அப்புறம் கேளு. யூசர் டேட்டாவுல கடவுச்சொல்லை எழுதாதேன்னு பெரியவங்க அடிச்சுச் சொல்றது இதனாலதான்.

மறுநாள் டெமோ ஒரு வழியா முடிஞ்சது. சாயங்காலம் அந்தத் தம்பியைத் தனியாக் கூப்பிட்டு, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். "பரவால்லண்ணே"ன்னான். அது போதாதுன்னு எனக்கே தோணுச்சு. திட்டினது எல்லார் முன்னாடியும், மன்னிப்பு மட்டும் தனியாவா? திங்கட்கிழமை எல்லாரும் கூடுற இடத்துல பலகையில படம் வரைஞ்சு, ரெண்டு மெஷின், ஒரே எண், ஒரே சாவி, ஒரே பேர்னு விளக்கி, "இந்த வார்ப்புருவைச் செஞ்சது நான்"னு எழுதினேன். அவன் தலை நிமிர்ந்து பார்த்தது இன்னும் கண்ணுல இருக்கு. அதுக்கப்புறம் புது வார்ப்புருவைச் செஞ்சதும் அவன்தான். என்னைவிட நல்லாவே செஞ்சான்.

மெஷினோ மனுஷனோ, "நான் அவன் இல்லண்ணே"ன்னு ஒருத்தன் சொன்னா, கத்துறதுக்கு முன்னாடி அடையாளத்தை ஒரு தடவை சரி பார்த்துடணும்.

டிஸ்கி: நகல் எடுக்கப் போற மக்கா.. மெஷின் ஐடியைக் காலி பண்ணீங்களா? எஸ்எஸ்ஹெச் சாவியை அழிச்சீங்களா? பேர் சொல்ல ஆள் வச்சீங்களா? மூணுக்கும் ஆமான்னா அச்சை எடுங்க. இல்லேன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிளாஸ்க் டீ வாங்கி வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.